பெருமூச்சும் செபமே



நவம்பர் மாதம் பிறந்தால் நம் கல்லறைத் தோட்டங்களுக்குப் புதுமுகம் வந்துவிடுகிறது. புல்லைச் செதுக்குகிறோம், சுண்ணாம்பு அடிக்கிறோம், பூ வைத்து மெழுகுதிரி ஏற்றுகிறோம். இறந்தோரின் பெயர்களை எழுதிக் கொடுத்துத் திருப்பலி ஒப்புக்கொடுக்கிறோம். பிரிந்து சென்றவர்களுக்குச் செய்யவேண்டியதைக் குறைவில்லாமல் செய்கிறோம். அவர்களைப் பறிகொடுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருப்பவர்களின் துயரத்தைப் பற்றித்தான் அதிகம் பேசுவதில்லை. துக்க வீட்டுக்குப் போனால் நம் வாயில் முதலில் வருவது, "அழாதீங்கம்மா, செபம் பண்ணுங்க" என்பதே. அன்போடு சொல்வதுதான், சந்தேகமில்லை. ஆனால் அந்தச் சொல்லுக்குள் ஓர் எண்ணம் ஒளிந்திருக்கிறது: அழுகை ஒன்று, செபம் வேறு, விசுவாசம் உள்ளவர் அழுகையை நிறுத்திவிட்டுத்தான் செபத்துக்கு வரவேண்டும் என்ற எண்ணம்.

இந்த எண்ணம் சரிதானா என்று இன்று ஒரு பெண்ணின் வாழ்வை வைத்துப் பார்ப்போம். அவர் நம் நாட்டவர் அல்லர். அமெரிக்காவின் தென்பகுதியில், மிசிசிப்பி மாநிலத்தில் பிறந்த கறுப்பினப் பெண். துறவி, ஆசிரியை, பாடகி. ஒரே ஆண்டில் நவம்பரில் தாயையும் டிசம்பரில் தந்தையையும் அடக்கம் செய்தவர். அதே ஆண்டில் தனக்குப் புற்றுநோய் என்றும் அறிந்தவர். அவர் பெயர் அருள்சகோதரி தியா போமன். புனிதர் பட்டத்திற்கான பணிகள் தொடங்கப்பட்டு, இன்று திருஅவை அவரை 'இறை ஊழியர்' என்று அழைக்கிறது.

அவருடைய துயரத்தைப் புரிந்துகொள்ள வேண்டுமானால், அவர் பிறப்பதற்கு முன்னாலிருந்தே தொடங்கவேண்டும். அவருடைய தாத்தா அடிமையாகப் பிறந்தவர். அமெரிக்காவில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1865-இல்தான். அதுவரை கறுப்பின மக்கள் ஆடு மாடுகளைப் போல ஏலம் விடப்பட்டார்கள். தாய் ஒரு பண்ணைக்கும் பிள்ளை இன்னொரு பண்ணைக்கும் விற்கப்பட்டது அன்றாட வழக்கமாயிருந்தது. பிள்ளையைப் பறிகொடுத்த அந்தத் தாய் மறுநாள் விடிந்ததும் பருத்திக் காட்டில் நின்றாகவேண்டும். துக்கம் கொண்டாட நாள் இல்லை, இடம் இல்லை, கேட்பார் இல்லை. இப்படித் தலைமுறை தலைமுறையாகக் கண்ணீரை விழுங்கிப் பழகிய பெண்களைப் பார்த்து உலகம் ஒரு பட்டம் கொடுத்தது: 'எதையும் தாங்குகிறவள்.' கேட்கப் புகழ்ச்சியாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பட்டம் பெற்றவர் அழுதால் ஊருக்கு ஏமாற்றமாகிவிடும். (நம் குடும்பங்களிலும் மூத்த மகளுக்கு இந்தப் பட்டம் கிடைப்பதுண்டு. அவர் எப்போது அழுதார் என்று யாருக்கும் தெரியாது.)

அப்படியானால் அந்த மக்கள் எங்கேதான் அழுதார்கள்? பாட்டில் அழுதார்கள். எசமானர்களின் கண்ணுக்கு எட்டாத தூரத்தில், இரவில், மரங்களுக்கு நடுவே கூடிச் செபித்தார்கள். எகிப்தில் அடிமைப்பட்டிருந்த இஸ்ரயேல் மக்களின் கதையையும், யோர்தான் ஆற்றைக் கடந்த கதையையும், சிலுவையில் தொங்கிய இயேசுவின் பாடுகளையும் தங்கள் கதையாகவே பாடினார்கள். அந்தப் பாடல்களில் பலவற்றை இயற்றியவர் யார் என்று இன்றுவரை தெரியாது. தாயில்லாப் பிள்ளையைப் போல வீட்டை விட்டுத் தூரமாய்த் தவிக்கிறேன் என்ற பொருளில் ஒரு பாட்டு உண்டு. பிள்ளைகள் விற்கப்பட்ட காலத்தை நினைத்தால் அது உவமை மட்டும் அல்ல என்பது விளங்கும். நம் ஒப்பாரியை அறிந்தவர்களுக்கும், தவக்காலத்தில் வியாகுலப் பிரசங்கம் கேட்டு வளர்ந்தவர்களுக்கும் இதை அதிகம் விளக்கவேண்டியதில்லை. அழுகைக்கு ராகம் கொடுத்து இறைவனிடம் கொண்டுபோவது என்னவென்று நமக்குத் தெரியும்.

மிசிசிப்பியில் நடந்த இன்னொரு துயரத்தையும் இங்கே நினைவுகூரவேண்டும். 1955 ஆகஸ்டில், சிகாகோவிலிருந்து அங்கே உறவினர் வீட்டுக்கு வந்திருந்த எம்மெட் டில் என்ற 14 வயதுச் சிறுவனை, ஒரு வெள்ளையினப் பெண்ணிடம் முறைதவறி நடந்தான் என்று சொல்லிக் கடத்திச் சென்று, சித்திரவதை செய்து, கொன்று ஆற்றில் போட்டார்கள். உடல் சிகாகோவுக்கு வந்தபோது முகம் முகமாக இல்லை. தாய் மேமி டில், பெட்டியை மூடக்கூடாது, என் மகனுக்குச் செய்ததை எல்லாரும் பார்க்கட்டும் என்று உறுதியாகச் சொல்லிவிட்டார். பல்லாயிரம் பேர் வரிசையில் வந்து பார்த்தார்கள். குற்றம் சாட்டப்பட்ட இருவரையும், வெள்ளையர் மட்டுமே இருந்த நடுவர் குழு விடுதலை செய்தது. நீதி கிடைக்கவில்லை. ஆயினும் அந்தத் தாய் மறைக்க மறுத்த கண்ணீர் ஒரு நாட்டின் மனச்சான்றை அசைத்தது. அவர் பிறகு கல்லூரிக்குச் சென்று படித்து, சிகாகோவில் பள்ளி ஆசிரியையாகி, மற்றவர்களின் பிள்ளைகளுக்குப் பல்லாண்டு கற்பித்தார். 2003-இல் இறக்கும்வரை மகனின் கதையைச் சொல்வதை அவர் நிறுத்தவில்லை. அவர் கத்தோலிக்கர் அல்லர். ஆனால் மகனின் உடலை மடியில் ஏந்திய வியாகுல அன்னையை வணங்குகிற நமக்கு அவர் அந்நியரும் அல்லர்.

இனி தியாவிடம் வருவோம். 1937 டிசம்பர் 29 அன்று யாசூ சிட்டி என்ற ஊரில் பிறந்து, கேன்டன் என்ற சிற்றூரில் வளர்ந்தார். பெற்றோர் சூட்டிய பெயர் பெர்த்தா. தந்தை மருத்துவர், தாய் ஆசிரியை. வயதான காலத்தில் அவர்களுக்குப் பிறந்த ஒரே பிள்ளை. குடும்பம் கத்தோலிக்கக் குடும்பம் அல்ல. பல சபைகளின் கோயில்களுக்கும் போய்ப் பார்த்த சிறுமி, ஏழைகளுக்குக் கத்தோலிக்கர்கள் செய்த பணியைக் கண்டு, ஒன்பது வயதில் தானே விரும்பித் திருஅவையில் சேர்ந்தாள். விஸ்கான்சின் மாநிலத்து லா கிராஸ் நகரிலிருந்து வந்த நிரந்தர ஆராதனைப் பிரான்சிஸ்கன் சபைச் சகோதரிகள் கேன்டனில் கறுப்பினப் பிள்ளைகளுக்காகப் பள்ளி தொடங்கினார்கள். அவர்களைப் பார்த்து வளர்ந்தவள், 15 வயதில் தானும் அவர்களைப் போலத் துறவியாகவேண்டும் என்றாள். பெற்றோர் மறுத்தார்கள், அவள் சாப்பிட மறுத்தாள். அங்கே உன்னை அவர்களுக்குப் பிடிக்காது என்று தந்தை எச்சரித்ததாகவும், பிடிக்கும்படி செய்துவிடுகிறேன் என்று மகள் பதில் சொன்னதாகவும் கூறுவார்கள்.

1953-இல் லா கிராஸ் சென்றார். 1878-ஆம் ஆண்டிலிருந்து இரவும் பகலும் யாராவது ஒருவர் நற்கருணை முன் முழந்தாளிட்டுக்கொண்டே இருந்த துறவற இல்லம் அது. அத்தனை சகோதரிகளுக்கு நடுவே கறுப்பினப் பெண் இவர் ஒருவரே. அங்கிருந்தவர்கள் அன்பு காட்டவில்லை என்று சொல்லமுடியாது. ஆனால் உணவு வேறு, குளிர் வேறு, பாட்டு வேறு, செபத்தில் உடலை அசைக்காமல் நிற்கும் முறை வேறு. அந்த நாள்களில் நம் திருஅவையே பல இடங்களில் கறுப்பின மக்களைக் கோயிலின் பின் வரிசையில் உட்காரவைத்து, நற்கருணையும் கடைசியில்தான் கொடுத்துக்கொண்டிருந்தது. பல துறவற சபைகள் அவர்களைச் சேர்த்துக்கொள்ளவே இல்லை. இதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. கேன்டனில் பாடி ஆடி வளர்ந்த பெண், தன் ஊரின் குரலை மூட்டை கட்டி வைத்துவிட்டு வாழப் பழகினார். 1955-இல் காசநோய் கண்டு மருத்துவ இல்லத்தில் மாதக்கணக்கில் படுத்திருந்தார். தேறி வந்து, நவதுறவியாகி, 'கடவுளுடையவள்' என்ற பொருள்படும் தியா என்ற பெயரைப் பெற்றார். தந்தையின் பெயரான தியோனையும் அது நினைவூட்டியது.

யாரும் இறக்காமலேயே வரும் துக்கம் ஒன்று உண்டு. தன் மொழியை, தன் பாட்டை, தான் தானாக இருப்பதை இழந்துவிட்ட துக்கம். அதற்கு ஏழாம் நாளும் இல்லை, முப்பதாம் நாள் திருப்பலியும் இல்லை. தியாவின் வாழ்வில் முதலில் ஆறத் தொடங்கிய காயம் இதுவே. 1961-இல் சபை அவரைக் கேன்டனுக்கே ஆசிரியையாக அனுப்பியது. பின்னர் வாஷிங்டனிலுள்ள கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் படித்து 1972-இல் முனைவர் பட்டம் பெற்றார். கறுப்பின மக்கள் உரிமை கேட்டு வீதிக்கு வந்திருந்த காலம் அது. தன் மக்களின் இலக்கியத்தையும் பாட்டையும் வகுப்பறையில் கற்பிக்கத் தொடங்கினார். பாட்டி வீட்டில் கேட்டது இழிவானது அல்ல, அது இறைவன் தந்த செல்வம் என்பது அவருக்குள் உறுதிப்பட்டது. மூட்டையை அவிழ்த்தார். அதன் பிறகு அவர் போன இடமெல்லாம் பாட்டு இருந்தது. 1980-இல் நியூ ஆர்லியன்ஸ் நகரின் சேவியர் பல்கலைக்கழகத்தில் கறுப்பினக் கத்தோலிக்கருக்கான கல்வி நிறுவனம் தொடங்கியபோது, அதை உருவாக்கியவர்களில் அவரும் ஒருவர்.

முனைவர் பட்டத்திற்கு அவர் ஆராய்ந்த நூல் எது தெரியுமா? புனித தாமஸ் மோர் எழுதிய, துன்பத்தில் ஆறுதல் பற்றிய உரையாடல் நூல். 1534-இல் இலண்டன் கோபுரச் சிறையில், தலை வெட்டப்படும் நாளை எதிர்நோக்கியிருந்தபோது மோர் எழுதியது. முதிய மாமா ஒருவரும் அச்சத்தில் இருக்கும் மருமகனும் பேசிக்கொள்வதாக அமைந்தது. 30 வயதைக் கடந்த நிலையில் தியா அதைப் புத்தகமாகப் படித்தார். அதன் பாடம் அவருடைய உடலுக்கே வர இன்னும் 12 ஆண்டுகள் இருந்தன.

1978-இல் முதிய பெற்றோரைக் கவனிக்க ஊர் திரும்பினார். ஜாக்சன் மறைமாவட்டத்தில் பல இன மக்களுக்கிடையே புரிதலை வளர்க்கும் பணி அவருக்குத் தரப்பட்டது. 1984-இல் மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. அந்த நவம்பரில் தாய் மேரி எஸ்தர் இறந்தார். டிசம்பரில் தந்தை தியோன் இறந்தார். கூடப்பிறந்தவர் எவரும் இல்லை. 47 வயதை எட்டும் நேரத்தில், உடலில் நோயோடு, வெறுமையான வீடு.

அந்தச் சூழலில் ஆறுதல் எங்கிருந்து வரும்? நாம் வழக்கமாகக் 'குணம்' என்று கேட்பது நோய் நீங்குவதைத்தான். அந்தக் குணம் தியாவுக்குக் கிடைக்கவில்லை. 1988-இல் புற்றுநோய் எலும்புகளுக்குப் பரவி, சக்கர நாற்காலிக்கு வந்தார். ஆனால் அவரைச் சந்தித்தவர்கள் உடைந்துபோன ஒருவரைக் காணவில்லை. உயிர்த்த இயேசுவின் கைகளில் காயம் அப்படியேதான் இருந்தது. தோமா தொட்டுப் பார்க்கும் அளவுக்கு இருந்தது. காயம் இருக்க, அதன் வழியாகவே வாழ்வு வெளிப்படுவதையும் நற்செய்தி நலம் என்றே காட்டுகிறது.

வலி தாங்காத நேரங்களில் எப்படிச் செபிக்கிறீர்கள் என்று அவரிடம் கேட்டிருக்கிறார்கள். சில நேரம் முன்னோர் கற்றுத்தந்த குறுகிய செபங்களைத் திரும்பத் திரும்பச் சொல்வதாகவும், சில நேரம் பாடுவதாகவும், அதற்கும் இயலாதபோது முனகுவதாகவும் அவர் சொன்னார். பெரியவர்கள் முனகக் கேட்டே வளர்ந்தவர் அவர். முனகலில் உள்ளம் ஒருமுகப்படுகிறது. சொல்லில்லாத கூக்குரலாக அது இறைவனிடம் போகிறது என்பது அவர் அனுபவம். புனித பவுல் உரோமையருக்கு எழுதிய திருமுகத்தின் எட்டாம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். எப்படி வேண்டுவது என்று தெரியாமல் நாம் திகைக்கும்போது, சொல்லில் அடங்காத பெருமூச்சுகளோடு தூய ஆவியாரே நமக்காகப் பரிந்து பேசுகிறார் என்கிறார். தியா இறையியலைப் புத்தகத்தில் தேடவில்லை என்று சொல்லமாட்டோம், அவர் நன்றாகப் படித்தவர். ஆனால் இந்த ஒரு பாடத்தை, எழுதப் படிக்கவே அனுமதிக்கப்படாத அடிமைப் பெண்களிடமிருந்து பெற்றார்.

விவிலியத்தில் அழுதவர்களை எண்ணிப் பார்த்தால் நமக்கே வியப்பாயிருக்கும். கணவரையும் இரு மகன்களையும் அடக்கம் செய்துவிட்டு ஊர் திரும்பிய நகோமி, தன்னை இனி அந்தப் பெயரால் அழைக்கவேண்டாம், கசப்பு என்ற பொருளுள்ள மாரா என்று அழையுங்கள் என்கிறார். யாரும் அவரைக் கண்டிக்கவில்லை. 88-ஆம் திருப்பாடல் இருளில் தொடங்கி இருளிலேயே முடிகிறது. கடைசி வரியில்கூட வெளிச்சம் இல்லை. அதையும் திருஅவை செபம் என்றே வைத்துக்கொண்டிருக்கிறது. யோவான் நற்செய்தி 11-ஆம் அதிகாரத்தில் மார்த்தாவும் மரியாவும் ஆளுக்கொரு முறை ஆண்டவரிடம் குறை சொல்கிறார்கள்: நீர் இங்கே இருந்திருந்தால் எங்கள் சகோதரன் செத்திருக்கமாட்டானே என்று. இன்னும் சிறிது நேரத்தில் இலாசரை எழுப்பப்போகிறவர், அழாதே என்று மரியாவைத் தடுக்கவில்லை. தாமும் அழுதார்.

துன்பத்திற்கு என்ன பொருள் கண்டீர்கள் என்ற கேள்விக்கும் தியா ஒளிவுமறைவின்றிப் பதில் சொன்னார். துன்பத்திற்குப் பொருள் கண்டுபிடிக்க முயலவில்லை, வாழ்வுக்குப் பொருள் காணவே முயல்கிறேன், அதையும் ஒவ்வொரு நாளாக என்றார். இது பெரிய விடுதலை. துக்க வீட்டில் நாம் காரணம் சொல்ல முந்திக்கொள்கிறோம். நல்லவர்களை ஆண்டவர் சீக்கிரம் அழைத்துக்கொள்வார், இது சோதனை, இதிலும் ஒரு திட்டம் உண்டு என்கிறோம். பிள்ளையைக் குழியில் வைத்துவிட்டு வந்த தாய்க்கு அந்த நேரத்தில் காரணம் வேண்டியதில்லை. பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும். முப்பதாம் நாள் முடிந்து பந்தலும் உறவும் கலைந்தபிறகு இன்னும் அதிகமாய் வேண்டும். (அப்போதும் உறக்கமில்லை, உணவு செல்லவில்லை என்றால் மருத்துவரிடமோ மனநல ஆலோசகரிடமோ கூட்டிச்செல்வதும் நம் கடமை. அது விசுவாசக் குறைவு அல்ல. தியாவும் செபித்தார், சிகிச்சையும் பெற்றார்.)

சாகும்வரை முழுமையாக வாழவேண்டும் என்பதே அவருடைய வேண்டுதலாக இருந்தது. பெற்றோரை இழந்தபிறகு அவருடைய பயணங்கள் நிற்கவில்லை. 1987-இல் அமெரிக்கத் தொலைக்காட்சியின் புகழ்பெற்ற '60 மினிட்ஸ்' நிகழ்ச்சி அவரை நாடு முழுவதற்கும் காட்டியது. மறு ஆண்டு முன்னோரின் பாடல்களைத் தன் குரலில் பதிவுசெய்தார். 1989 ஜூன் 17 அன்று, நியூ ஜெர்சியிலுள்ள சீட்டன் ஹால் பல்கலைக்கழகத்தில் கூடியிருந்த அமெரிக்க ஆயர்களிடம் பேச அழைக்கப்பட்டார். ஆப்பிரிக்க உடையணிந்து, சக்கர நாற்காலியில் வந்தார். கறுப்பினத்தவராகவும் கத்தோலிக்கராகவும் இருப்பதற்கு என்ன பொருள் என்ற கேள்வியை எழுப்பிவிட்டு, பதிலாக ஒரு பாட்டைப் பாடினார். முன்னே நாம் குறிப்பிட்ட அதே பாட்டு: தாயில்லாப் பிள்ளையின் பாட்டு. ஐந்து ஆண்டுகளுக்கு முன் தாயை அடக்கம் செய்த மகள், ஆயர்கள் முன்னால் அதைப் பாடினார். தன் மக்களின் பாட்டையும் ஆட்டத்தையும் வரலாற்றையும் துயரத்தையும் விட்டுவிட்டு அல்ல, அவை எல்லாவற்றோடும் முழு ஆளாகத் திருஅவைக்குள் வருகிறேன், அதுவே திருஅவைக்கு என் கொடை என்று விளக்கினார். இறுதியில் ஆயர்களை எழுந்து நிற்கச் சொல்லி, கைகளைக் குறுக்காகக் கோத்து, நெருங்கி நில்லுங்கள் என்று ஆசிரியைபோலவே திருத்தி, உரிமைப் போராட்டத்தின் பாட்டைத் தன்னோடு சேர்ந்து பாடவைத்தார். ஆயர்கள் சிலர் கண்களைத் துடைத்துக்கொண்டார்கள்.

15 வயதில் தன் குரலை மூட்டை கட்டிய பெண், அதே குரலால் ஆயர் பேரவையையே பாடவைத்தார். துக்கம் அவரைச் சுருக்கவில்லை, விரித்தது. அடிமைத் தாய்களின் கண்ணீரும், அவருடைய தனிக் கண்ணீரும் அந்தப் பாட்டில் ஒன்றாய் ஓடின. தன் துயரத்தைப் பாடுவது சுயநலம் என்று அவர் நினைத்திருந்தால், அந்த அரங்கில் இருந்தவர்களுக்குத் தங்கள் துயரத்தைத் தொட்டுப் பார்க்க வழியே இருந்திருக்காது. கடவுள் நமக்குத் தரும் ஆறுதலால் நாம் பிறருக்கு ஆறுதல் அளிக்கிறோம் என்று கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தின் தொடக்கத்தில் பவுல் சொல்வது இதைத்தான்.

1990 மார்ச் 30 அன்று, 52 வயதில், கேன்டனில் தான் வளர்ந்த வீட்டில் தியா இறந்தார். டென்னசி மாநிலத்து மெம்பிஸ் நகரின் எல்ம்வுட் கல்லறைத் தோட்டத்தில் பெற்றோருக்கு அருகே அடக்கம் செய்யப்பட்டார். 2018 நவம்பரில் அமெரிக்க ஆயர்கள் அவருடைய புனிதர் பட்டப் பணிகளுக்கு இசைவு தெரிவித்தார்கள். அவர் விருப்பப்படி அவர் கல்லறையில் பொறிக்கப்பட்டிருப்பது சிறிய வாக்கியம்: அவள் முயன்றாள்.